யாருக்கு ஊதிக் காட்டுவது?

"ஊதுங்க."

வாசலில் நின்றபடியே பத்துமலை ஊதினார். காலணியைக் கழற்றுவதற்கு முன்பே, கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை வாங்குவதற்கு முன்பே, விமலா கணவரின் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். மதியம் சாப்பிட்ட நெத்திலிச் சம்பல்தான் மணத்தது.

"சரி, உள்ள வாங்க."

ஈராண்டுகளாக அந்த வீட்டில் இது அன்றாட வழக்கம். பத்துமலை தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். விடியுமுன் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஈப்போ தொழிற்பேட்டைக்குப் போவார், மாலையில் திரும்புவார், வாசலில் நின்று ஊதிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். எதிர்வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "என்னண்ணே, ரோட்பிளாக் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். "போலீஸ்காரன்கூட இவ்வளவு கிட்ட வந்து மோந்து பாக்க மாட்டான்லா" என்று பத்துமலையும் சிரிப்பார்.

சிரிப்புக்குப் பின்னால் இருந்த கதை சிரிப்பானதல்ல. சம்சு என்கிற மலிவுச் சாராயம் பத்துமலையின் இருபது வருடங்களைத் தின்றிருந்தது. லைசென்சு போனது, வேலை போனது, கடைசியில் விமலாவும் ஒரு பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் குடியை விட்டு, அங்கே போய் வாசலில் நின்று அழுதபோது அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "சத்தியமெல்லாம் வேணாம். நெறைய கேட்டுட்டேன். தினமும் ஊதிக் காட்டணும். என்னைக்கு மணக்குதோ, அன்னைக்கு நான் பஸ் ஏறிருவேன். அப்பறம் வரவே மாட்டேன்."

அன்றிலிருந்து ஒரு நாள்கூட மணக்கவில்லை. லைசென்சும் வேலையும் திரும்பக் கிடைத்தன.

அவர்கள் இருந்த இடத்துக்கு எட்டாங்கட்டை என்று பெயர். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிறகு செம்பனையையும் பாதி வெட்டி மலிவு வீடுகள் கட்டினார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் போயின, கோயில் இடம் மாறியது, பள்ளிக்கூடம் இடம் மாறியது. சம்சு மட்டும் ஒரு சேதாரமும் இல்லாமல் ஜனங்களோடு கூடவே குடிவந்துவிட்டது. மளிகைக் கடையில் பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே, சட்டைப்பைக்குள் அடங்கும் தட்டைப் போத்தல்களாக அது வரிசை கட்டி நின்றது. பால் வாங்க வருகிற பெண்ணும் அதைத் தாண்டித்தான் பாலை எடுக்க வேண்டும்.

இந்தப் போத்தல்களை மளிகைக் கடையிலிருந்து அகற்ற வேண்டும் என்று பல வருடங்களாகப் போராடிக்கொண்டிருந்தவர் சரோஜாதேவி. ஈப்போவில் பெயர் பெற்ற வழக்கறிஞர். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர். வசதியான குடும்பம். தோட்டத்துக் குடி அவர் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. ஆனாலும் கணவனிடம் அடிவாங்கி வந்த பெண்களின் வழக்குகளை நடத்தி நடத்தி, ஒவ்வொரு வழக்கின் அடியிலும் அதே தட்டைப் போத்தல் கிடப்பதைக் கண்டு, மனம் பொறுக்காமல் மதுவிலக்கு இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். நகராண்மைக் கழகத்துக்குப் போனால் "மாநில அரசைக் கேளுங்கள்" என்றார்கள். மாநில அரசைக் கேட்டால் "உரிமம் தருவது வேறு வாரியம்" என்றார்கள். வாரியத்துக்குப் போனால் "நகராண்மைக் கழகம் ஆட்சேபித்தால் பார்க்கலாம்" என்றார்கள். அம்மையார் வட்டம் சுற்றிச் சுற்றிக் களைத்துப் போனார்.

அவருடைய கணவர் டாக்டர் ஞானசேகரம் மாலையில் கிளப்பில் அமர்ந்து இரண்டு விஸ்கி அருந்துகிறவர். "உங்க சட்டம் என் கிளாஸைத் தொடாதுதானே?" என்று கேலி செய்வார். "இது மலிவுச் சாராயத்துக்கு மட்டும்" என்று சரோஜாதேவி எரிச்சலோடு பதில் சொல்வார். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளராது. வளர்ந்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

அப்போதுதான் இடைத்தேர்தல் வந்தது. தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் திடீரென்று காலமானார். அந்த இடத்துக்குப் போட்டியிட்டவர்களில் ஒருவர் முத்துராமன், ஈப்போவில் பல கடைகள் வைத்திருக்கும் செட்டியார் வீட்டுப் பிள்ளை. அவர் சரோஜாதேவியைத் தேடி வந்தார்.

"லாயரம்மா, நான் ஜெயிச்சா மொத கூட்டத்துலயே தீர்மானம் கொண்டு வாரேன். குடியிருப்புக் கடையில சம்சு விக்க எந்த வாரியமும் லைசென்சு குடுக்கக் கூடாது. மேலிடத்துல பேசிட்டேன், சம்மதம். ஆனா நான் ஜெயிக்கணும். எட்டாங்கட்டை ஓட்டு இல்லாம ஜெயிக்க முடியாது."

கிணறு வெட்டிக் கை ஓய்ந்தவருக்குத் தண்ணீர் ஊற்றின் சத்தம் கேட்டது போலிருந்தது. சரோஜாதேவியின் இயக்கம் முழுவதும் முத்துராமனுக்காக இறங்கியது. மேடைக்கு மேடை அழைத்துச் செல்ல ஒரு சாட்சியும் கிடைத்தார். அவர்தான் பத்துமலை.

பத்துமலைக்கு மேடைப்பேச்சு வராது. முதல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். பிறகு என்ன தோன்றியதோ, மைக்கிலேயே பலமாக ஊதினார். ஒலிபெருக்கியில் அது புயல் போல இரைந்தது.

"தினம் என் பொண்டாட்டிக்கு இப்படித்தான் ஊதிக் காட்டிட்டு வீட்டுக்குள்ள போறேன். ரெண்டு வருசமா மணக்கல. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறுநாளே அந்தக் காணொளி கைப்பேசிகளில் பரவியது. அதன் பிறகு பத்துமலை ஊதாத கூட்டமே இல்லை என்றாகிவிட்டது. பஸ் வேலைக்கு இரண்டு வாரம் லீவு போடச் சொல்லி, எட்டாங்கட்டைத் தேர்தல் நடவடிக்கை அறைக்கு அவரையே பொறுப்பாளராக்கினார்கள்.

நடவடிக்கை அறை என்பது தோட்டத்துக் கணக்கரான கிராணி இருந்த பழைய வீட்டின் முன் போட்டிருந்த ஒரு கூடாரமும், பின்பக்கத்து அறையும்தான். முன்பக்கத்தில் முத்துராமனின் படமும் "சம்சு இல்லா எட்டாங்கட்டை" என்ற பெரிய பதாகையும் தொங்கின. பின்பக்கத்து அறையில் ஒரு பெரிய ஐஸ் பெட்டி இருந்தது. அதற்கு ஒரு பூட்டு.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. நம் ஊர்த் தேர்தல்களைக் கண்டவர்களுக்கு அது புதிதல்ல. பகலெல்லாம் வெயிலில் மரத்திலும் கம்பத்திலும் ஏறிக் கொடி கட்டுகிற இளைஞர்களுக்குப் பொழுது சாயும்போது தண்ணி வேண்டும். தராவிட்டால் அடுத்த நாள் எதிர்க்கட்சிக் கொடியைக் கட்டப் போய்விடுவார்கள். எந்தக் கட்சி நின்றாலும் இதுதான் வழக்கம். மதுவிலக்கு பேசி நின்ற முத்துராமனுக்கும் இதுதான் வழக்கம். ஊருக்குத்தான் உபதேசம்!

பெட்டிக்கான ஏற்பாடு முத்துராமனின் உதவியாளன் கோகிலனுடையது. முதல் நாள் சாவியை ஒரு பையனிடம் கொடுத்தான். மாலைக்குள் பெட்டி காலி, பையன் கூடாரத்துக்கு அடியில் மட்டை. கோகிலன் தலையில் கை வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. போத்தலைத் தொடாத ஆள் எட்டாங்கட்டையில் ஒருவர்தானே இருக்கிறார்!

"பத்தண்ணே, இந்தச் சாவிய நீங்க வெச்சுக்குங்க. வேற எவன்கிட்ட குடுத்தாலும் காலி பண்ணிருவான். நீங்கதான் கை வைக்க மாட்டீங்க. ஆளுக்கு ஒன்னு, அதுக்கு மேல குடுக்காதீங்க."

பத்துமலை பின்வாங்கினார். "எனக்கு எதுக்குலா தம்பி இந்த வேல?"

"ஒங்கள நம்பித்தானே அண்ணே!"

நம்பி! இருபது வருடமாக எவனும் அந்த மனிதரை நம்பி ஒரு வெள்ளிக்குச் சில்லறை வாங்கிவர அனுப்பியதில்லை. அந்த ஒரு சொல்லுக்கு அவர் மயங்கிவிட்டார். கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். கெட்டவர்கள் யாரும் சேர்ந்து செய்த சதியல்ல இது. குடியை விட்டவனைவிடப் போத்தலுக்கு நல்ல காவல் யார் என்று நல்லவர்களே கணக்குப் போட்டார்கள். புண் ஆறி இப்போதுதான் தோல் மூடியிருக்கிறது, அதன் மேலேயே மூட்டையைத் தூக்கி வைக்கிறோமே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சரோஜாதேவிக்குத் தெரியுமா? தெரியும். முதல் வாரத்திலேயே பின்னறைக்குத் தற்செயலாகப் போனவர் பெட்டியைக் கண்டுவிட்டார். முத்துராமனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்.

"என்ன அநியாயம் இது? முன்னால பதாகை, பின்னால போத்தலா? இது தேர்தல் குற்றம், தெரியுமா? யாராவது வழக்குப் போட்டா ஜெயிச்சாலும் பதவி போயிடும்."

முத்துராமன் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் பேசினார். "லாயரம்மா, அந்தப் பக்கத்துக்காரன் ரெண்டு பெட்டி வெச்சிருக்கான். நான் இன்னைக்கு நிறுத்துனா நாளைக்கு எட்டாங்கட்டையில எனக்கு ஒரு கொடி நிக்காது. இது கடைசி தடவை. சட்டம் வந்துட்டா அப்பறம் எவனுக்கும் பெட்டி இல்ல. ஒங்களுக்குச் சட்டம் வேணுமா, வேணாமா?"

சரோஜாதேவி கணக்குப் போட்டுப் பார்த்தார். எத்தனை வருடப் போராட்டம்! எத்தனை பெண்களின் வீங்கிய முகங்கள்! இரண்டு வாரம் கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று மனம் சொன்னது. அன்று முதல் அவர் நடவடிக்கை அறைக்கு வந்தால் முன்பக்கத்துக் கூடாரத்தோடு நின்றுவிடுவார். பின்னறைப் பக்கம் போவதில்லை. விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுவது என்பது இதுதான்.

பத்துமலை ஒவ்வொரு மாலையும் பெட்டியைத் திறந்தார். ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டு ஒவ்வொரு போத்தலாக எடுத்துக் கொடுத்தார். மூடி திருகும் சத்தம் கேட்கும்போது நாக்கின் அடியில் நீர் ஊறும். அவர் வெளியே போய் நின்றுகொள்வார். குடித்து முடித்த போத்தல்களைப் பொறுக்கும்போது அடியில் தங்கிய சொட்டுகள் விரலில் வழியும். வீட்டுக்குப் போகுமுன் சவர்க்காரம் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்.

விமலாவின் மூக்கை ஏமாற்ற முடியுமா? ஒரு மாலை அவர் ஊதினார், வாயில் ஒன்றும் மணக்கவில்லை. டப்பாவை வாங்கும்போது விமலா அவர் கையைப் பிடித்து முகர்ந்தாள். கையில் சம்சு மணந்தது.

"கையில எப்படி?"

"பசங்க குடிச்ச போத்தல எடுத்துப் போட்டேன், விமலா. நான் தொடல. சாமி சத்தியமா."

"சத்தியம் வேணாம்னு சொல்லியிருக்கேன்ல." அவர் கையை விட்டாள். "அந்த எடத்துக்குப் போவாதீங்க. எனக்குச் சட்டமும் வேணாம், ஒன்னும் வேணாம். நீங்க இருந்தா போதும்."

அன்றிரவு அவர் தூங்கவில்லை. காலையில் முதல் வேலையாக சரோஜாதேவியைத் தேடிப் போனார். அம்மையார் கூடாரத்தில் துண்டறிக்கை கட்டிக்கொண்டிருந்தார். பத்துமலை சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"லாயரம்மா, இத வேற யார்கிட்டயாச்சும் குடுத்துருங்க. என்னால முடியல."

"என்ன ஆச்சு, பத்துமலை? குடிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. குடிச்சிருவேனோன்னு பயமா இருக்கு."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனால் சொல்ல முடியாது. பள்ளத்தின் விளிம்பில் நின்று கையை நீட்டுகிறான் ஒருவன். பிடித்து இழுக்க அந்த அம்மையாருக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அன்று பின்னேரம் பெரிய கூட்டம். சாவியை வேறு யாரிடம் கொடுப்பது? கொடுத்தால் பையன்கள் குடித்துவிட்டு ரகளை செய்வார்கள், பத்திரிகைக்காரர்கள் வேறு வருகிறார்கள்.

"இன்னும் நாலு நாள்தான், பத்துமலை. தேர்தல் முடியட்டும். உங்களால முடியும். எத்தனை குடும்பம் உங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கு, யோசிச்சுப் பாருங்க."

சரோஜாதேவி சாவியைத் திருப்பிப் பத்துமலையின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். அன்பாகத்தான் மூடினார்.

வாக்களிப்பு நாளன்று மதியமே மழை பிடித்துக்கொண்டது. வெற்றிக் கொண்டாட்டத்துக்கென்று கோகிலன் புதிய போத்தல்களைக் கொண்டுவந்து பெட்டியை நிரப்பினான். வழக்கமான சரக்கு அல்ல. வரி முத்திரை இல்லாத மலிவுச் சரக்கு, யாரோ எங்கிருந்தோ காரில் கொண்டுவந்து இறக்கியது. மாலையில் வாக்குச்சாவடி மூடியதும் எல்லாரும் முடிவைக் கேட்க வாக்கு எண்ணும் இடத்துக்குக் கிளம்பினார்கள்.

"நீங்க பூட்டிட்டு மெதுவா வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கோகிலனும் போய்விட்டான்.

தகரக் கூரையில் மழை கொட்டியது. அறையில் பத்துமலையும் பெட்டியும் மட்டும். சாவி சட்டைப்பையில். இனி ஒருவருக்கும் கொடுக்க வேண்டியதில்லை, எண்ணிக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்தது, நாமும் ஒருவகையில் ஜெயித்துவிட்டோம், ஒரே ஒரு மடக்கு, வாயைக் கொப்பளித்துவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும் என்று ஒரு குரல் கேட்டது. இருபது வருடம் பழகிய குரல்.

அவர் பெட்டியைத் திறந்தார்.

முத்துராமன் ஜெயித்தார். கொண்டாட்டம் ஈப்போவிலேயே பீர் போத்தல்களோடு நடந்து முடிந்ததால் எட்டாங்கட்டைப் பெட்டியை யாரும் தேடி வரவில்லை. மழையில் நனைந்து வந்த பத்துமலை அன்று வாசலில் ஊதவில்லை. தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போய்ப் படுத்தார். விமலா ஊதச் சொல்லவில்லை. கேட்க என்ன இருக்கிறது? விடிந்ததும் அலமாரியிலிருந்து பையை எடுத்துத் துணிகளை அடுக்கினாள்.

பாதி அடுக்கியபோது உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். "விமலா, வெளக்கப் போடு. என்ன இன்னும் விடியலையா? ஒரே வெள்ளையா பொகையா இருக்கே."

சன்னல் வழியாக வெயில் அவர் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள், மருந்துக்கு மேல் மருந்து ஏற்றினார்கள். கண்ணைத்தான் காப்பாற்ற முடியவில்லை. மெத்தனால் கலந்த விஷச் சாராயம், கண் நரம்பு கருகிவிட்டது, இனிப் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னார். எங்கே வாங்கினாய் என்று டாக்டர் கேட்டார், போலீசும் வந்து கேட்டது. "ஞாபகம் இல்லைங்க" என்ற ஒரே பதிலைத்தான் பத்துமலை சொன்னார்.

ஞாபகம் இல்லாமலா? நன்றாக ஞாபகம் இருந்தது. உண்மையைச் சொன்னால் முத்துராமனின் பதவி போகும், பதவி போனால் சட்டம் போகும் என்று அவருக்குத் தெரியும்; லாயரம்மா பேசப் பேசக் கேட்டு அவருக்கும் பாதிச் சட்டம் தெரிந்திருந்தது. விமலா கட்டிலருகே உட்கார்ந்து "எந்தக் கடையில போய் வாங்குனீங்க? சொல்லுங்க. ரெண்டு வருசத்த எந்தக் கடையில போய்க் குடுத்தீங்க?" என்று அழுதபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. கண்ணையும் கொடுத்து, மனைவியின் நம்பிக்கையையும் கொடுத்து, அந்தச் சட்டத்தை அவர் ஒருவர்தான் கட்டிக் காத்துக்கொண்டிருந்தார்.

சேதி தெரிந்த அன்றே கோகிலன் மிச்சப் போத்தல்களைச் சாக்கடையில் ஊற்றி, பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டான். முத்துராமன் சரோஜாதேவியை அழைத்தார்.

"நடந்தது ரொம்ப வருத்தமா இருக்கு, லாயரம்மா. மருத்துவச் செலவு முழுக்க என்னோடது. ஆனா ஒன்னு. அடுத்த வாரம் தீர்மானம் கொண்டு வாரேன். அதுக்கு முன்னால பத்துமலைய பத்திரிகைக்காரங்க முன்னால ஒக்கார வெப்போம். மளிகைக் கடையில வாங்கிக் குடிச்சேன், கண்ணு போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். ஒருத்தனும் தீர்மானத்த எதிர்த்துப் பேச மாட்டான். நீங்க போய்ச் சொல்லுங்க."

சரோஜாதேவி பழங்களை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியெல்லாம் வார்த்தைகளைத் தயார் செய்தார். இந்தத் தியாகம் வீண்போகக் கூடாது, இனி ஒருவன் கண்ணும் போகக் கூடாது, இப்படி. எல்லாம் நல்ல வார்த்தைகள்தான்.

பத்துமலை தலையணையில் சாய்ந்திருந்தார். கண்கள் திறந்தே இருந்தன, பார்வைதான் இல்லை. விமலா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சரோஜாதேவி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

பத்துமலை வாயிலிருந்த கஞ்சியை விழுங்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சொல்றேம்மா. எந்தக் கடைன்னு சொல்லணும்?"

விமலாவின் கை அப்படியே நின்றது. "எந்தக் கடைன்னு சொல்லணுமா? நீங்க வாங்குன கடைய சொல்லுங்க. அவங்ககிட்ட எதுக்குக் கேக்குறீங்க?"

விமலா கணவரின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அம்மையாரின் முகத்தைப் பார்த்தாள். படிக்காத பெண்தான், ஆனால் முகம் படிக்கத் தெரிந்தவள்.

"அப்ப கடையில வாங்கல. அப்படித்தானே?"

நீதிமன்றத்தில் எத்தனையோ பேரைக் குறுக்கு விசாரணை செய்த சரோஜாதேவிக்கு அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எங்க நடவடிக்கை அறைப் பெட்டியில இருந்தது, விமலா. சாவி இவர்கிட்ட இருந்தது. பயமா இருக்கு, வாங்கிக்குங்கன்னு என்கிட்ட கொண்டு வந்து கொடுத்தார். நான்தான் திருப்பிக் கையில வெச்சேன்."

விமலா கத்தவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பால் கணவரின் வாயைத் துடைத்துவிட்டாள். அப்புறம் திரும்பிப் பேசினாள்.

"இவரு குடிகாரருங்க. ஊரே சொல்லும், நானும் சொன்னேன். ஆனா ரெண்டு வருசம் தினம் எனக்கு ஊதிக் காட்டுனாருங்க. ஊரே சிரிச்சுச்சு, வெக்கப்படாம ஊதுனாரு. நீங்கல்லாம் பெரியவங்க. மேடை போட்டுக் குடிக்காதன்னு சொன்னீங்க, பின்னால பெட்டிய வெச்சுக் குடின்னு குடுத்தீங்க. நீங்க யாருக்கும்மா ஊதிக் காட்டுனீங்க?"

சரோஜாதேவி வெளியே வந்தார். கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். சட்டப் புத்தகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

பத்திரிகையாளர் கூட்டம் திட்டமிட்டபடியே ஈப்போவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முத்துராமன் நடுவில், சரோஜாதேவி பக்கத்தில். முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு பத்துமலை, அவர் முழங்கையைப் பிடித்தபடி விமலா. அம்மையாரே தொலைபேசியில் அழைத்து, "நீங்க ஒன்னும் பேச வேண்டாம். வந்து உட்கார்ந்தா போதும்" என்று கேட்டுக்கொண்டதால் வந்திருந்தார்கள்.

முத்துராமன் உருக்கமாகப் பேசினார். பேசி முடித்துப் பத்துமலையை மேடைக்கு அழைக்கக் கையை நீட்டியபோது சரோஜாதேவி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இவர் குடித்த விஷம் எந்த மளிகைக் கடையிலும் வாங்கியதல்ல. வேட்பாளரின் நடவடிக்கை அறையில், கொடி கட்டுகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக நாங்கள் பூட்டி வைத்த பெட்டியிலிருந்து வந்தது. அது குற்றம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இங்கே வருமுன் போலீசில் வாக்குமூலம் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்."

மண்டபம் கொதித்தது. கேமராக்கள் மின்னின. முத்துராமன் சிவந்த முகத்தோடு எழுந்து மைக்கின் வயரைப் பிடுங்கினார். "பைத்தியமா ஒங்களுக்கு? சட்டம் போச்சு! இத்தன வருசம் பாடுபட்டதெல்லாம் போச்சு!"

"போகட்டும்" என்றார் சரோஜாதேவி. மைக் இல்லாத குரல் கடைசி வரிசை வரை கேட்டது. "ஒரு மனுஷனுடைய கண்ணை மறைச்சு வெச்சு அதுக்கு மேல கட்டுற சட்டம் யாரையும் காப்பாத்தாது. கடைக்குப் பூட்டுப் போடச் சொல்ல வந்தவங்க நாங்க. முதல்ல எங்க பெட்டிய நாங்க தொறந்து காட்டியிருக்கணும்."

பத்திரிகைக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நாற்காலிகள் உருண்டன. முத்துராமனைக் கோகிலன் பின்வாசல் வழியாக அழைத்துப் போனான். பதவி வழக்கில் போகுமா, நிற்குமா என்று அப்போது யாருக்கும் தெரியாது. தீர்மானம் அந்தக் கூட்டத்தொடரில் வராது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. எட்டாங்கட்டை மளிகைக் கடையில் பால்மாவுக்குப் பக்கத்தில் தட்டைப் போத்தல்கள் அன்றும் வரிசையாகத்தான் நின்றன.

சந்தடிக்கு நடுவே பத்துமலை விமலாவின் பக்கம் சாய்ந்தார். "அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க."

"அப்ப சட்டம்?"

"இப்ப வராதாம்."

அவர் பெருமூச்சு விட்டார். கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்தது. பிறகு பழக்க தோஷத்தாலோ, மன்னிப்புக் கேட்கும் விதமாகவோ, அவள் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பி மெல்ல ஊதினார்.

விமலா அவர் வாயைத் தன் கையால் மூடினாள்.

"போதும்ங்க. நீங்க ஊதுனது போதும். குடிச்சவன மட்டும் வாசல்ல நிக்க வெச்சு ஊதச் சொல்ற ஊருல எந்தச் சட்டம் வந்தாலும் குடி போகாது. வித்தவனும் ஊதணும், வாங்கிக் குடுத்தவனும் ஊதணும், தெரிஞ்சும் தெரியாத மாதிரி முன்வாசலோட திரும்பிப் போனவங்களும் ஊதிக் காட்டணும். இன்னைக்கு ஒரு ஆளு ஊதிட்டாங்க. மத்தவங்களும் ஊதட்டும். வாங்க, வீட்டுக்குப் போலாம்."